பூட்டிய கதவு வேண்டாம்

"தட்டிட்டேன்" என்றான் தணிகை. மேசையில் தட்டிய விரல்களை இன்னும் எடுக்கவில்லை.

அவள் அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினாள். இருபது முகங்கள் உள்ள பகடை. பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் கதவு திறக்கும்.

ஆறு விழுந்தது.

"தெறக்கல."

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. பாளையங்கோட்டையில் ஃபர்ஹானா வீட்டு மாடி. பேய் அரண்மனைக்குள் மூன்று வீரர்கள் நின்றார்கள். தணிகை, ஃபர்ஹானா, ஜெபராஜ் சார். வாயால் கதை சொல்லி ஆடும் ஆட்டம் இது; கதையை நடத்துகிற நாலாவது ஆள் அவள். பகடை சொல்வதைத்தான் அவளும் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

முதல் வாரமே ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்திருந்தாள். பயத்தில் எத்தனையோ ரகம். பேய், ரத்தம், அழுகும் உடல், பெயர் தெரியாத பழைய தெய்வம். யாருக்கு எது ஆகாதோ அதை எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டாம். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது.

ஒரு சீட்டில் பல்லி என்று இருந்தது. ஒன்று வெறுமையாக இருந்தது.

மூன்றாவதில், பூட்டிய கதவு வேண்டாம்.

அவள் சிரித்துவிட்டாள். இது ஜெபராஜ் சார்தான். போன ஆட்டத்தில் ஒரு பூட்டோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி, சாவி கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பகடை கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் "செல்லாது, மறுபடி போடுங்க" என்பார். சாருக்குப் பயமாவது ஒன்றாவது. சலிப்பைப் போய் எழுதியிருக்கிறார்.

அவரைச் சீண்டத்தான் கதையின் கடைசியில் இந்தக் கதவை வைத்தாள். உள்ளே ராணி தாழ் போட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று முறை தட்டலாம். மூன்றிலும் திறக்காவிட்டால் அப்புறம் எப்போதும் திறக்காது.

தணிகையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அவனுக்குப் பிணவறையில் வேலை. கதையில் அழுகிய உடல் எழுந்து நடந்த வாரத்தில் அவன்தான் பஜ்ஜியைச் சட்னியில் தொட்டுத் தொட்டுத் தின்றான். "இதுக்கெல்லாம் பயந்தா நான் சம்பளம் வாங்க முடியுமா?" என்றான்.

இப்போது அவன் தட்டில் பஜ்ஜி அப்படியே இருந்தது.

"ரெண்டாவது" என்றான். தட்டினான்.

பதினொன்று.

"தெறக்கல" என்றாள்.

ஜெபராஜ் சார் ஏதோ விதி சொல்ல வாயெடுத்தார். தணிகையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தணிகை மேசையை நோக்கிக் குனிந்தான். அங்கே இருந்தது ஒரு விரல் உயர அட்டைக் கதவு. அதனிடம் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா. கதவத் தெறக்கா."

கதையில் அக்கா என்று யாரும் இல்லை.

சீட்டு யாருடையது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஐந்து வாரமாக இந்தக் கதவை அவள் செதுக்கிச் செதுக்கி வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டே வைத்திருந்தாள்.

மேசை நடுவில் எப்போதும் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அதோடு நின்றுவிடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஃபர்ஹானா அதை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் திருப்பி நகர்த்தினான்.

"வேண்டாம். இன்னொரு தடவ இருக்குல்லா."

தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் விரல்கள் மேசையிலேயே நின்றுவிட்டன.

அவள் பகடையை எடுத்தாள். உருட்டியதில் அது மறைப்பைத் தாண்டி ஓடி, ஜெபராஜ் சாரின் முழங்கைக்கு அடியில் போய் நின்றது. அவள் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்தது.

இரண்டு.

மறுபடி போட அவரே சொல்வார் என்று காத்திருந்தாள். மறைப்பைத் தாண்டினால் செல்லாது என்ற விதி அவர் கொண்டுவந்ததுதான். ஆனால் மறுபடி போட்டால் மட்டும் பதினைந்து விழும் என்று யார் சொன்னது?

ஜெபராஜ் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். குனிந்து பார்த்தார். பிறகு பகடையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"பத்தொம்போது" என்றார்.

இருபத்தெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

யாரும் அவர் கையைத் திறக்கச் சொல்லவில்லை. தணிகை அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப தெறந்துட்டா?"

"தெறந்துட்டு" என்றாள் அவள்.

"உள்ள?"

நோட்டில் எழுதி வைத்திருந்ததை ஒருமுறை பார்த்தாள். உத்தரம், சேலை, ஆடும் நிழல். அரை பக்கத்துக்கு எழுதியிருந்தாள். எழுதிய அன்றைக்கு நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

நோட்டை மூடினாள்.

"உள்ள ராணி கட்டில்ல உக்காந்து தலைய வாரிக்கிட்டு இருக்காங்க. உன்னப் பாத்துட்டாங்க."

"என்ன சொல்லுதாங்க?"

அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ராணி பேசுகிற பேச்சா இது என்றும் யோசிக்கவில்லை.

"சாப்டியாலே?"

தணிகை அட்டைக் கதவிடம் குனிந்தான்.

"இன்னும் இல்லக்கா."

ஃபர்ஹானா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.