பிறைக் கணக்கு

"இன்னைக்கும் போகக் கூடாதா?" அய்னபாத் கையிலிருந்த மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"கூடாது" என்றாள் மாமியார் துவாக்பீபி. "செவ்வாய்க்கிழமை."

"அத்தை, இன்னைக்குப் பிறை முப்பது. நட்சத்திரம் உச்சியில இருக்கு, எந்தத் திசைக்கும் கிளம்பலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். செவ்வாயா வந்து தொலையும்னு அப்போ பாக்கல."

எங்கள் தெஜென் வட்டாரத்தில் இந்த நட்சத்திரத்தைக் கேட்காமல் யாரும் வீடு மாற மாட்டார்கள். தினம் ஒரு திசையில் நிற்கும். அதற்கு எதிரே போனால் குடும்பத்துக்கு ஆகாது. தலைப்பிறை பார்த்த நாளிலிருந்து எண்ணி, பத்து, இருபது, முப்பதாம் பிறையில் மட்டும் உச்சி வானத்துக்குப் போய்விடும். குடித்தனம் மாற்ற அந்த நாள்தான் உத்தமம்.

அய்னபாத்தின் அவசரம் அவளுக்குத்தான் தெரியும். பதினோரு வருஷமாகக் கணவனின் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் குடித்தனம். இப்போதுதான் கிழக்கே அடுத்த ஊரில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். "நீங்க நாள் பாத்துச் சொல்லுங்க, அன்னைக்குக் காலையிலேயே காலி பண்ணிடுறோம்" என்று விற்றவர் வாக்குக் கொடுத்திருந்தார். முற்றத்தில் தந்தூர் அடுப்பு தயாராக இருந்தது. அவளுடைய அடுப்பு!

ஓரகத்தி கோசெல் விடுவாளா?

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க. உங்களுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. அத்தையோட நட்சத்திரம் எப்போதான் வழி விடுமாம்?"

அடுத்த பத்தாம் பிறை வெள்ளிக்கிழமை வந்தது.

"வெள்ளிக்கிழமையில எரியுற அடுப்பை விட்டுட்டுக் கிளம்புவாங்களாடி?" என்றாள் துவாக்பீபி.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அய்னபாத்தின் கணவன் சபர் தேநீர்க் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இருபதாம் பிறை திங்கட்கிழமை. இதில் என்ன குறை சொல்ல முடியும்? விடியும் முன்பே அய்னபாத் கம்பளங்களைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

மாமியார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். "மேகமா இருக்கே. நட்சத்திரம் உச்சிக்கு வந்துச்சா இல்லையான்னு யார் கண்டா?"

"பகல்ல எந்த நட்சத்திரம் தெரியும் அத்தை?" அய்னபாத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நட்சத்திரமாவது மண்ணாவது! என் அடுப்புல நான் ஒரு ரொட்டி சுட்டுடக் கூடாது, அதானே உங்களுக்கு?"

துவாக்பீபி கொடியிலிருந்த சால்வையை எடுத்தாள். போர்த்திக்கொண்டு வெளியே போனவள் சாயங்காலம்தான் திரும்பினாள்.

மறுநாள் காலையில் அவளே வந்து மருமகளை எழுப்பினாள். "கிளம்பு. லாரி வந்தாச்சு."

அய்னபாத் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "அத்தை, இன்னைக்குப் பிறை இருபத்தொண்ணு! நட்சத்திரம் கிழக்கே நிக்குது. நம்ம புது வீடும் கிழக்கே. நேரா அதோட மூஞ்சியில போய் முட்டப் போறோம். அதுலயும் செவ்வாய்க்கிழமை!"

"எல்லாம் தெரியும். ஏறு."

மண்ணாவது என்று நேற்றுக் கத்தியவள் இன்று தயங்கித் தயங்கித்தான் ஏறினாள். லாரியில் வழியெல்லாம் கிழக்கே பார்க்காமல் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

புது வீட்டு வாசலில் விற்றவர்களின் சாமான்கள் வேறொரு லாரியில் ஏற்றித் தயாராக இருந்தன. மணற்காட்டைத் தாண்டி, மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் பத்து மணி நேரப் பயணம். வீட்டை விற்ற பெரியவர் ஹோஜாமுராத் நெஞ்சில் கை வைத்து வணங்கியபடி வந்தார். அவர் பின்னால், துணியில் பொதிந்த குழந்தையோடு அவருடைய மருமகள்.

"நேத்து நீங்க வந்து, நாளைக்குத்தான் வர்றோம்னு சொன்னதும்தான் உசிரே வந்துச்சு தங்கச்சி" என்றார். "பேத்திக்கு நேத்தோட நாற்பது நாள் முடிஞ்சுது. நாற்பது முடியாத பச்சைப்புள்ளைய எப்படி வாசல் தாண்ட வைக்கிறதுன்னு எம் மருமக அழாத நாள் இல்ல. ஆனா வாக்குக் குடுத்துட்டு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமான்னு கேட்டா நான் மனுஷனா? நல்ல வேளை, உங்க நட்சத்திரம் வழி விடாம நின்னுச்சு."

"நான் என்னண்ணே பண்ணேன்? எல்லாம் நட்சத்திரம் பண்ணது" என்றாள் துவாக்பீபி.

பிறகு சால்வைக்குள்ளிருந்து ஒரு குட்டிச் சட்டையை எடுத்து அந்தத் தாயின் கையில் வைத்தாள். நாற்பது நாள் வரைக்கும் குழந்தைச் சட்டையின் ஓரத்தை மடித்துத் தைக்க மாட்டார்கள். இந்தச் சட்டையின் ஓரம் மடித்துத் தைக்கப்பட்டு, சுற்றிலும் பொடிப் பொடியாகப் பூ வேலை செய்யப்பட்டிருந்தது.

ஒரு ராத்திரியில் முடிகிற வேலை இல்லை அது. அய்னபாத் அந்தப் பூக்களையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெரியவரும் அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் மெல்ல எதையோ எண்ணத் தொடங்கின.

"இருங்க தங்கச்சி... இன்னைக்குப் பிறை இருபத்தொண்ணுல்ல? நட்சத்திரம் கிழக்கே ஆச்சே. நீங்க மேற்கேயிருந்து வர்றீங்க. அப்போ இத்தனை நாளா நீங்க..."

தங்களுக்காகத்தான் இவர்கள் காத்திருந்தார்களா என்று அவர் முகம் சுருங்கியது. துவாக்பீபி குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இல்ல மாமா" என்று அய்னபாத் முன்னால் வந்தாள். "தலைப்பிறை அன்னைக்கு எங்க ஊர்ல ஒரே மேகம். மறுநாள்தான் பாத்தோம். எங்க கணக்குக்கு இன்னைக்குத்தான் பிறை இருபது."