மன்னிப்புப் பெட்டி

அந்தப் பெரியவர் இரும்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எங்கள் கொலராடோவில் கஞ்சா மிட்டாயைக் கடையில் பில் போட்டே வாங்கலாம். விமானத்தில்தான் கொண்டுபோகக் கூடாது. அதற்காக விமான நிலையத்தில் சோதனை வாசலுக்கு முன்னால் ஒரு பச்சைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பதை அதில் போட்டுவிட்டால் கேஸ் கிடையாது, கேள்வி கிடையாது. மன்னிப்புப் பெட்டி என்று பெயர். போட்டது போட்டதுதான். வாரம் ஒருமுறை இரண்டு சாவி போட்டுத் திறந்து, மொத்தமாக எடுத்துப்போய் எரித்துவிடுவார்கள்.

எதிரிலேயே என் காப்பிக் கடை. பதினோரு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலையும் இல்லை, ஓடுபாதையும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. மத்தியானமா சாயங்காலமா என்றே தெரியாத வெளிச்சம். பெரியவர் பெட்டியின் வாயில் முகத்தை வைத்து ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, மனசு மாறிடுச்சா?" என்றேன்.

"டப்பா மாறிடுச்சும்மா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் கல்யாண மோதிரத்தைப் போட்டுட்டேன்னு அழுதாரு. விசாரிச்சா அவருக்குக் கல்யாணமே ஆகலை."

அவர் சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். நிறைய கஞ்சா மிட்டாய்.

"போட வேண்டியது இது. என் பொண்டாட்டி லவோன் வலிக்குச் சாப்பிட்டது. காலையில நானும் ஒண்ணு வாயில போட்டுக்கிட்டேன். அப்போதிலிருந்து எல்லாம் மிதக்குது. இதே மாதிரி இன்னொரு டப்பா வச்சிருந்தேன். அதைப் போட்டுட்டேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"லவோன் இருந்தா."

கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன்.

"தன்னை எரிச்சப்புறம் கான்சஸ்ல அவ பிறந்த வீட்டுக் கோதுமை வயல்ல ஒரு பிடி தூவச் சொன்னா. அவளுக்கு அடைசலான இடமே ஆகாதும்மா. லிஃப்ட்ல ஏறினாக்கூட என் கையைப் பிடிச்சுக்குவா. இருட்டா இருக்குமேன்னுதான் பேச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

ஐயோ பாவமே! என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதற்குள் போலீஸ்காரர் பர்டெட் வந்துவிட்டார். விதியைத் தவிர வேறு எதையும் படிக்காத ஆள். பெரியவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பர்டெட் நோட்டை எடுத்தார்.

"பேரு?"

"ஆரின் ஹாஸ்கெல்."

"உள்ள போட்டது என்ன?"

"என் பொண்டாட்டின்னு சொன்னேனே தம்பி."

"அதெல்லாம் எழுத முடியாது சார். தூளா, கட்டியா?"

"தூளுதான்."

"நிறம்?"

பெரியவர் கொஞ்ச நேரம் பனியையே பார்த்தார். "சாம்பல் நிறம்."

"என்ன தூள்னு நிரூபிக்கப் பேப்பர் ஏதாவது இருக்கா?"

"நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு எதுக்குய்யா பேப்பர்?"

"அப்ப, என்னன்னே தெரியாத ஒரு தூளை விமான நிலையப் பெட்டியில போட்டிருக்கீங்க. சரிதானே?"

"பர்டெட்! உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று நான் கத்தினேன்.

"நீ காப்பியைப் பாரு டாட்டி," என்று சொல்லிவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார். "பெட்டிக்குள்ள அடையாளம் தெரியாத தூள். சோதனை முடியிறவரைக்கும் கான்சஸ் விமானம் கிளம்பக் கூடாது. ரெண்டாவது சாவி எங்க இருந்தாலும் உடனே கொண்டு வாங்க."

கான்சஸ் போகவிருந்த கூட்டம் கொதித்தது. ஒரு கிழவரைப் பிடித்துவைத்து நாட்டைக் காப்பாற்றுகிறாராம் என்று ஒருத்தர் கேலி பண்ணினார். பர்டெட் காதிலேயே வாங்கவில்லை. பெரியவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்திலேயே காவல் நின்றார். பெரியவரோ பெட்டியைத் தொட்டபடி, "பனி இன்னும் விழுது லவோன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவது சாவி வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். கையுறை போட்ட ஒருவர் டப்பாவை எடுத்து, ஏதோ ஒரு தாளால் தொட்டுப் பார்த்து, "எலும்புச் சாம்பல். ஆபத்தில்லை," என்றார்.

பெரியவர் டப்பாவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மிட்டாய் டப்பாவைப் பெட்டியில் போட்டார். காத்திருந்த விமானத்துக்கு மெதுவாக நடந்துபோனார். கேலி பண்ணினவரே எழுந்து வழிவிட்டார். கொஞ்ச நேரத்தில் விமானம் அந்த வெள்ளைக்குள் கரைந்து போனது.

பர்டெட் காப்பிக்கு வந்தார். கோப்பையை ணங்கென்று வைத்தேன்.

"வயசான மனுஷனை இப்படியா வறுத்தெடுப்பே? முகத்தைப் பார்த்தாலே தெரியலையா? நம்பினா நீ என்ன குறைஞ்சா போயிடுவே?"

அவர் காப்பியை ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார்.

"அவர் வாயைத் திறந்த உடனே நம்பிட்டேன் டாட்டி. ஆனா நம்பினேன்னு எழுதினா அது 'தவறிப் போட்ட பொருள்', திருப்பித் தர அனுமதியே கிடையாது. சந்தேகப்பட்டாத்தான் பெட்டியைத் திறக்க முடியும்."