முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

உள்ளே போன பெயிண்டர் அரை மணி நேரமாக வெளியே வரவில்லை. கட்சி அலுவலக வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது அவர் முறை.

சங்கதி இதுதான். தொழிற்சாலைக் குடியிருப்பில் மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. அத்தனையும் நமக்கே என்று குடியிருப்புச் செயலாளர் மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பாராட்டு விழாவுக்கு மாலைகூட வாங்கியாயிற்று. எண்ணிப் பார்த்தால் கட்சிக்கு முன்னூற்றுப் பதினொன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று.

அந்த ஒன்றைப் போட்டது யார் என்று சாயங்காலத்துக்குள் பெயர் வந்தாக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பெயர் போன மறுநாளே அந்த ஆளுக்கு வேலையும் போகும், குடியிருக்கும் வீடும் போகும்.

போட்டவர் ஃபிட்டர்தான். போன மாதம் தொழிற்சாலை வாசலில் எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் நாலே பேரை வைத்துக்கொண்டு பேசியது இவர் காதில் விழுந்து தொலைத்தது. "கேள்வி கேக்கறவன் வாயை அடைச்சா அதுக்குப் பேரு கட்சி இல்லீங்க, மாட்டுப் பட்டி." அந்தப் பேச்சு ஒரு மாதமாக மனசைக் குடைந்தது.

ஓட்டுப் போடும் நாளில் வழக்கம்போலச் செயலாளர்தான் முதலில் போனார். மறைப்புக்குள் போன மனுஷன் வெளியே வருவதற்குள் வரிசையில் நின்றவர்களுக்குக் கால் கடுத்துவிட்டது. தன் முறை வந்ததும் ஃபிட்டர் எதிர்க்கட்சிச் சின்னத்தில் ஒரே குத்தாக முத்திரையைக் குத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டார்.

பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. அவளோ இன்று காலை, "எந்தப் பாவி பண்ண வேலையோ, அவன் கை அழுகிப் போக" என்று சபித்துக்கொண்டே அவருக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

"வா தம்பி. கதவைச் சாத்து" என்றார் செயலாளர். கூடவே இருக்கும் ஆட்கள் ஒருவரையும் காணோம். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, சத்தியமா எனக்கு ஒண்ணும்..."

"இரு. நீ போட்டேன்னு நான் சொன்னேனா?" குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. அவர் கத்தியிருந்தால்கூட ஃபிட்டர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். "இன்னிக்கு ஒரு பேரு போயாகணும். இல்லன்னா மேல இருந்து ஆளுங்க வந்து ஒவ்வொருத்தரையா தோண்டுவாங்க. அது யாருக்கும் நல்லதில்ல."

"சரிண்ணே."

"பெயிண்டர் பேரை எழுதிட்டேன். அன்னிக்குக் கூட்டத்துல எழுந்து தண்ணித் தொட்டி என்னாச்சுன்னு கேட்டான்ல, அவன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும். நீ அவனுக்குப் பக்கத்து வீடு. 'என்கிட்டயே சொன்னான்'னு எழுதிக் குடு, போதும்."

"அவரு போடலையேண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

செயலாளர் காகிதத்தையும் பேனாவையும் ஃபிட்டர் பக்கம் தள்ளினார்.

ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வேலை பிழைக்கும், வீடு பிழைக்கும், பெண்டாட்டிக்கும் விஷயம் தெரியாமலே போகும். பெயிண்டருக்கு மூன்று குழந்தைகள். கடைக்குட்டி பாதி நாள் தூங்குவதே ஃபிட்டர் வீட்டில்தான். பேனாவைக் கையில் எடுத்து, மூடியையும் கழற்றிவிட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

"நான்தாண்ணே போட்டேன்."

"அவனைக் காப்பாத்தறதுக்காக உளறாத."

"உளறலண்ணே. என் புள்ளைங்க மேல சத்தியம். என் கையாலதான் குத்தினேன்."

கன்னத்தில் அறை விழும் என்று ஃபிட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து ஃபிட்டரின் காதருகே குனிந்தார்.

"அப்போ நான் போட்ட ஓட்டு எங்க தம்பி போச்சு?"