எட்டு கிலோ அதிகம்

"அறிவித்ததைவிட மொத்த எடை எட்டு கிலோ அதிகம். தயவுசெய்து சரிசெய்யவும்."

பறக்கும் கார் மூன்றாவது தடவையாகச் சொன்னது. குரல் என்னவோ தேன்தான். ஆனால் மொட்டைமாடி முழுக்கக் கேட்டது. துணி காயப்போட வந்த நாலு வீட்டுக்காரர்களும் துணியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உள்ளே மூன்று பேர். முன்னால் மகனும் மருமகளும். பின்னால், முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா. தேய்த்த சட்டை, மேலே தொளதொள கோட்டு, ஜன்னலோர இடம். முகமெல்லாம் சிரிப்பு.

மருமகளின் தங்கைக்குப் பதினொரு மணிக்குப் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து மருமகள்தான் போட வேண்டும். பதினொன்றரைக்குப் பதிவாளர் கிளம்பிவிடுவார். விட்டால் அடுத்த தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

"பஸ்ஸெல்லாம் எதுக்கு? நாலே நிமிஷம்!" என்று ஒரு நாள் சோதனைக்குக் காரை வரவழைத்தவன் மகன். பிடித்துப்போனால் வாங்கிவிடுவது, தினமும் ஆபீசுக்கு அதிலேயே போவது என்று திட்டம். முந்தின நாளே மூவரும் அவரவர் போனில் அவரவர் எடையைப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். ஏறியவர்களின் மொத்த எடை பதிந்ததைத் தாண்டினால் கார் தரையை விட்டுக் கிளம்பாது.

"அப்பா, நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"அறுபத்திரண்டு."

"எடை பார்த்துட்டுத்தான் போட்டீங்களா?"

"இல்லடா... ஒரு குத்துமதிப்பா..."

"குத்துமதிப்பா! கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, சரியான எடைதான் போடணும்னு! நான் வருஷம் முழுக்க டயட்ல இருக்கேன். இவ ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டா. நீங்க ஒருத்தர் பண்ற கூத்துல இப்போ மூணு பேரும் மாட்டிக்கிட்டு நிக்கறோம்!"

மருமகள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் வாடியது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"சரிடா, தப்பு என்னுதுதான். இந்தத் தகர டப்பா என் கனத்தைத் தாங்காது. நான் பஸ்ஸுல வந்துடறேன்."

"மாமா..."

"நீ கிளம்பும்மா, நேரமாகுது. மேல இருந்து ஒரு கையாட்டு, போதும்."

அவர் இறங்கியதும், "எடை சரி. இனிய பயணம்!" என்று கார் குஷியாகக் கூவியது.

ஜிவ்வென்று மேலே போனார்கள். "ஐயய்யோ!" என்றாள் அவள். "ஆஹா!" என்றான் அவன். தண்ணீர்த் தொட்டிகள் டம்ளர் அளவுக்குச் சுருங்கின. மொட்டைமாடியில் அந்தத் தொளதொள கோட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். பாவமாக இருந்தது அவளுக்கு.

நாலே நிமிடம். சொன்னபடி பதிவாளர் அலுவலகத்துக்கு நேர் மேலே வந்துவிட்டார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

"இறங்குமிடத்தில் இடமில்லை. வரிசையில் நீங்கள் பதினான்காவது."

கார் வட்டமடித்தது. முதல் சுற்று பரம சுகம். நாலாவது சுற்றில் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒன்பதாவது சுற்றில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கவலைப்படாதே. கீழ பாரு, ஆபீஸ் கைக்கெட்டற தூரத்துலதான் இருக்கு."

"கைதானே எட்டுது? கால் எட்டலையே!"

ஒருவழியாக ஒன்பது மாடிக் கார் நிறுத்தம் ஒன்றின் உச்சியில் இறங்கினார்கள். லிஃப்ட் ரிப்பேர். ஒன்பது மாடியும் படி. அப்புறம் மூன்று தெரு ஓட்டம், அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அலுவலகத்துக்குள் விழுந்தடித்து நுழைந்தபோது மணி பதினொன்று நாற்பது.

போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள்.

உள்ளே பதிவாளர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் பை, கையில் ஆறிப்போன டீ. எதிரே அப்பா, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்? பஸ் என்னதான் ஆச்சு?"

"அதுவா சார்... இதோ, சாட்சி வந்தாச்சு. முதல்ல கையெழுத்து, அப்புறம் மீதிக் கதை!"

கையெழுத்தானது. கல்யாணமானது. தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"எப்போ வந்தீங்க, மாமா?"

"பத்தே முக்காலுக்கும்மா. உட்காரக்கூட இடம் கிடைச்சுது."

மகனுக்கு மூச்சு இப்போதுதான் சீரானது. உடனே ஆரம்பித்துவிட்டான். "எல்லாம் உங்களாலதான் அப்பா! அந்த எட்டு கிலோ தகராறு இல்லாம இருந்தா வரிசையில முன்னாடியே போயிருப்போம்."

"என்னங்க, மாமாவை விடுங்க." அவள் குரல் இறங்கியது. "நான்தான் ஆறு கிலோ குறைச்சுப் போட்டேன். அத்தனை பேர் முன்னாடி சொல்ல வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சுடுங்க, மாமா."

மகன் மின்விசிறியை ஆராய்ந்தான்.

"நீங்க சரியாப் போட்டீங்களா?" என்று அவனைக் கேட்டாள்.

"கிட்டத்தட்ட..."

"எவ்வளவு குறைச்சீங்க?"

"ஒரு... பன்னிரண்டு."

தங்கை குபீரென்று சிரித்துவிட்டாள். மருமகள் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணினாள்.

"ஆறும் பன்னிரண்டும் பதினெட்டு. கார் எட்டு கிலோதானே அதிகம்னு சொல்லுச்சு? மீதிப் பத்து எங்க போச்சு?"

அப்பா கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"நான் ஐம்பத்திரண்டுதாம்மா. எல்லாருமாச் சேர்ந்து பறக்கணும்னு ஆசை. நீங்க ரெண்டு பேரும் எப்படியும் குறைச்சுத்தான் போடுவீங்கன்னு, என் எடையில பத்து கிலோ கூட்டிப் போட்டேன். அதுவும் பத்தலைன்னா நான் என்ன பண்ணுவேன்!"