முதல் ஸ்லைடு

“தகுதியான பெரிய மனுசர் கையாலதான் இந்த மைக்ராஸ்கோப்பைத் திறக்கணும்னு ஒன்றரை வருசம் காத்திருந்தோம்!” என்று மைக்கில் முழங்கினார் பெரிய டாக்டர்.

கைதட்டல் ஓய்ந்ததும், மெஷின் வந்திறங்கிய வாரமே எடுத்துப் பத்திரப்படுத்திய சதைத்துணுக்குக்குச் சாயமேற்றி உள்ளே வைத்தார்கள். திரையில் அது பச்சையாக ஒளிர்ந்தது.

போன் போட்டு வரவழைத்திருந்த பரவை ஊர்த் தங்கப்பொண்ணுவை மேடையேற்றினார்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

“ரொம்ப முத்திப் போச்சாய்யா? நாந்தான் நாளைக் கடத்திட்டேன்னு சொந்தக்காரவுக ஏசுறாக.”

“தோல் புற்றுநோய்தான். ஆனா ஆரம்பத்திலயே வந்துட்ட. கால்ல இருக்குற அந்தப் புள்ளியை வெட்டி எடுத்துட்டா நூறு வயசு இருக்கலாம். எல்லாம் நம்ம மெஷினோட மகிமை!”

மறுபடியும் கைதட்டல். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். தங்கப்பொண்ணு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அதான் பயமில்லைன்னு சொல்றேனே, எந்திரிம்மா. எந்தக் கால்ல இருக்கு புள்ளி? காட்டு. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிருவோம்.”

“எங்காலு இல்லய்யா, எங்க வீட்டுக்காரரு காலு,” என்றாள் அவள். “நேத்துத்தான் அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுச்சு.”