நூற்றுப் பன்னிரண்டு கொடிகள்

விளையாட்டைத் திறந்ததும் சுதாகரனின் கண்ணில் பட்டவை கொடிகள்தான்.

வரைபடம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புக் கொடிகள். எத்தனை என்று மூலையில் ஓர் எண் சொன்னது: நூற்றுப் பன்னிரண்டு.

அவன் ஒன்றுகூட நட்டதில்லை. எல்லாம் அக்காவின் வேலையாகத்தான் இருக்கவேண்டும்.

இந்த விளையாட்டின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். மலை, புல், காற்று. இஷ்டப்பட்ட பக்கமெல்லாம் நடக்கலாம். போன இடத்தில் செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. பாதிப்பேர் அற்புதம் என்பார்கள், மீதிப்பேர் ஏமாற்றுவேலை என்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சுதாகரன் இரண்டாவது கட்சிக்குத் தலைவன் மாதிரி இருந்தான். தன் யூடியூப் சேனலில் அதைக் கிழி கிழியென்று கிழித்தான்.

"மலையில நடக்கிறதுக்கு இது எதுக்குங்க? எங்க பொகவந்தலாவைத் தேயிலை மலைக்கு வாங்க, சும்மாவே நடக்கலாம்."

அந்த ஒரு பேச்சுக்கே சேனல் ஊரெல்லாம் ஓடியது.

அவன் அடுக்கிய குறைகளில் பெரியது கொடி விஷயம். இருந்த இடத்திலிருந்தே வரைபடத்தைத் தொட்டுக் கொடி வைக்க முடியாது. எங்கே வேண்டுமோ அங்கேயே நடந்துபோய் நிற்கவேண்டும். மனுசனுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்டிருந்தான்.

இப்போது கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கிறான். மறுபடி ஆடிப்பார்த்து ஒரு தீர்ப்புச் சொல் என்று சேனல் பார்ப்பவர்கள் நச்சரித்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் விட்டுப்போன பழைய கன்சோலில்தான் அது இருந்தது. இன்னொரு முறை கிழித்துவிட்டு, அப்படியே அழித்துவிட்டு, புதிதாக வேறொன்றை ஏற்றுவதாக எண்ணம்.

அக்கா வினோதா வீட்டில் அடைந்துகிடந்த மாதங்களில் இதை ஆடிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். போன வருடம் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்து பதினொரு பெண்களைக் கொட்டியது. அக்காவுக்குத்தான் அதிகம். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

உடம்பு தேறியது. மலைக்குப் போகத்தான் முடியவில்லை.

லயத்துக் கோடியில் இருக்கிற தண்ணீர்ப் பீலியைத் தாண்டமாட்டாள். ஒரு வண்டு பறந்தால் போதும், ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்வாள். வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.

அம்மா முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்தாள். பூசாரி கயிறு கட்டினார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். சுதாகரன் தன் பங்குக்கு போனில் தைரியம் சொன்னான். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு தைரியம் சொல்வது சுலபம்.

இந்தச் சித்திரையில் ஒரு காலை, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், அக்கா கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய்ப் பேர் கொடுத்தாள்.

எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பெருமையை ஆளாளுக்குப் பங்குபோட்டுக்கொண்டார்கள். சேவல் மட்டும் உயிரை விட்டது.

கொடி இருக்கிற இடத்தில் புதையல் இருக்கும் என்று சுதாகரன் நினைத்தான். விளையாடுகிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

முதல் கொடிக்கு ஏறிப்போனான். ஒரு மரம் நின்றது. புல்லைக் கிளறினான், கல்லைப் புரட்டினான். ஒன்றுமில்லை. அடுத்த கொடிக்குப் போனான். இன்னொரு மரம். அங்கேயும் ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சொன்னதுதான் இன்றைக்கும் என்று மைக்கை இழுத்து வைத்தான். பதிவுக்காகச் சத்தத்தைக் கூட்டினான்.

ரீங்காரம் கேட்டது.

திரையில் பார்வையை மேலே திருப்பினான். உச்சிக் கிளையில் குளவிக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் மரத்துக்குத் திரும்ப ஓடினான். அதிலும் இருந்தது. புதையல் தேடிக் குனிந்தே போனவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது.

அவர்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து பறிக்கிறவள் கூட்டைக் கண்டால், பக்கத்துச் செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் நகரவேண்டும். அடுத்து வருகிறவள் பார்த்து ஒதுங்கிப்போவாள்.

அக்கா கொட்டு வாங்கிய அன்று அந்த மரத்தடியில் துணி இல்லை.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அக்கா வந்துவிட்டாள். கூடையை வாசலில் கவிழ்த்து வைத்து, இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தபடி திரையைப் பார்த்தாள். அவன் அழிக்கப்போகிற செய்தியை அம்மா சொல்லியிருக்கவேண்டும்.

"அழிச்சிராத தம்பி. பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

இது ஒற்றை ஆள் ஆடுகிற விளையாட்டு, அந்த மலைக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்று அவன் சொல்லவில்லை. பின்னாடி வந்தவன்தான் அங்கேயே உட்கார்ந்திருந்தானே.

அவள் தேநீர் வைக்க அடுப்படிக்குப் போனாள். சுதாகரன் மைக்கைப் போட்டான். மூன்று வருடத்துக்கு முன் சொன்ன குறைகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். இதைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவதாகச் சொன்னான். எந்தக் குறை என்று சொல்வதற்குள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பதிவை நிறுத்திவிட்டான்.

அந்த விளையாட்டில் தூரத்தில் நின்று கொடி நட முடியாது.

நூற்றுப் பன்னிரண்டு கூட்டுக்கும் நேர் கீழே, ஒவ்வொன்றாக, அக்கா போய் நின்றிருக்கிறாள்.