பத்தாவது கணக்கு

"எல்லாக் கொப்பியையும் அடுக்குங்க. அம்மாக்கண்ணு கொப்பி மேல இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் நஜீம் மாஸ்டர் சொல்வது இதைத்தான்.

லிந்துலைக்கு மேலே இருந்த அந்தப் பாடசாலையில் பத்தாம் வகுப்பு தொடங்கி அதுதான் முதல் வருஷம். மொத்தமே பதினாலு பேர். எல்லாரும் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். வாரத்துக்குப் பத்துக் கணக்கு வீட்டில் செய்துவர வேண்டும். எழுத்தை வைத்துப் போடும் அட்சரகணிதம் ஐந்து, கோணமும் முக்கோணமுமாக வரும் கேத்திரகணிதம் ஐந்து. திங்கட்கிழமை கொப்பி திருத்தி வரும்.

அம்மாக்கண்ணுவுக்கு அநேகமாக எல்லா வாரமும் பத்துக்குப் பத்து. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டாவது பிழைத்துவிடும். பிழைத்த கணக்கைப் பத்துத் தடவை எழுத வேண்டும். அதில் மாஸ்டர் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை.

அதே வகுப்பு மீனம்மாவின் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

"ஏன்டி, அந்த மாஸ்டர் கண்ணுக்கு அம்மாக்கண்ணு மட்டுந்தான் தெரியுமோ? ஒன்னையக் கை ஒடிய எழுத வைக்கிறாரு. நா வந்து நறுக்குனு ரெண்டு வார்த்தை கேக்கவா?"

"வேணாம்மா. நாந்தான் தப்பாப் போட்டேன்" என்றாள் மீனம்மா.

அந்த வாரம் பத்தாவது கணக்கு வெளியில் போய் அளந்து செய்வது. கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரின் புகைபோக்கி உயரத்தை, மேலே ஏறாமல் கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை கொப்பிகள் வந்தன. மீனம்மா விரித்துப் பார்த்தாள். விடை அறுபது அடி. பக்கத்தில் சிவப்பில் பிழை அடையாளம். திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று கொப்பியிலும் அறுபது. பதின்மூன்றிலும் பிழை.

அம்மாக்கண்ணுவின் விடை மட்டும் முப்பத்து மூன்றே முக்கால். அதற்குச் சரி போட்டிருந்தது.

அம்மாக்கண்ணு போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்; வெள்ளிக்கிழமை கொப்பியை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். கொப்பியைப் பார்த்ததும் அவள் முகம் இன்னும் வெளுத்தது. மெல்ல எழுந்தாள்.

"சார், எனக்குச் சரி போட்டிருக்கீங்க."

"ஆமா. சரியாத்தானே இருக்கு?"

"இல்ல சார். நட்டு வச்ச குச்சி நாலடி, அது நிழல் மூணடி. நிழலை விடக் குச்சி ஒசரம். அப்ப புகைபோக்கியும் அது நிழலை விட ஒசரமாத்தானே இருக்கணும்? நிழலே நாப்பத்தஞ்சு அடி. நா தலைகீழாப் பெருக்கிட்டேன். அறுவதுதான் சரி சார்."

மாஸ்டர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த புகைபோக்கியைப் பார்த்தார். கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை.

"உக்காரு மகள்" என்றார். அவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கேத்திரகணிதம் தெரியாது. நான் படிச்சது சரித்திரம். கணக்கு மாஸ்டர் மாற்றலாகிப் போனதும், ஆள் இல்லாட்டி இந்த வகுப்பை மூடிருவோம்னாங்க. எனக்குத் தெரியும்னு பொய் சொல்லிட்டேன். ஏழு மாசமாப் புத்தகத்தோட மல்லுக்கட்டுறேன், மண்டையில ஏறல. அம்மாக்கண்ணு கொப்பியைப் பார்த்துத்தான் உங்க எல்லார் கொப்பியையும் திருத்தினேன். இன்னைக்கே பெரிய மாஸ்டர்கிட்டச் சொல்லிடுறேன்."

மீனம்மாதான் எழுந்தாள்.

"சொல்லாதீங்க சார். எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க அவளுதைப் பார்த்துத் திருத்துறது. ரெண்டாம் மாசம் அவ ஒரு கணக்கை விட்டுட்டா. அன்னைக்கு எங்க யார் கொப்பியிலயும் அந்தக் கணக்கை நீங்க திருத்தல."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"வகுப்பை மூடினா மறுநாளே எங்களுக்குத் தோட்டத்துல பேர் பதிஞ்சு கொழுந்து எடுக்க அனுப்பிருவாங்க சார். நீங்களும் போயிருவீங்க. அதனால வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைக்காம்பரா வாசல்ல எல்லாரும் கூடுவோம். அந்நேரம் வேலை முடிஞ்சு தாய்மார் கைப்பிள்ளைங்களை எல்லாம் தூக்கிட்டுப் போயிருப்பாங்க, எடம் காலியா இருக்கும். பத்துக் கணக்கையும் சரியாப் போட்டு அம்மாக்கண்ணு கொப்பியில ஏத்திருவோம். அது சரியா இருந்தாத்தானே நீங்க சரியாத் திருத்துவீங்க? போன வாரம் அவளால வர முடியல. அளவை மட்டும் சொல்லி அனுப்பினோம்."

"உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்ல சார். ஒருத்தர் புத்தகத்தைச் சத்தமா வாசிப்போம். கரித்துண்டால தரையில கீறிப் பார்ப்போம். ஒருத்தருக்கு வெளங்கினா மத்தவங்களுக்குச் சொல்லணும். பதினாலு பேருக்கும் வெளங்குற வரைக்கும் யாரும் எந்திரிக்கிறதில்ல."

நஜீம் மாஸ்டர் மூன்று பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்த பதினாலு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். அவருக்கு ஏழு மாதமாக ஏறாத புத்தகம். அவரையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

நின்றபடியே இருந்தபோதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்படின்னா எல்லாருக்கும் எல்லாக் கணக்கும் தெரிஞ்சிருக்கு. பிறகு ஏன் வாரா வாரம் பிழை விட்டீங்க? ஒவ்வொண்ணையும் பத்துத் தடவை எழுதினீங்களே?"

மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"முறை வச்சு, ஆளுக்கு ஒண்ணு ரெண்டு வேணும்னே தப்பாப் போடுவோம் சார். எல்லாமே சரியா இருந்தா, எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சு, நீங்க வெக்கப்படுவீங்கன்னு..."